ஏழாம் கால்

மீன் அறுத்த கூடத்தில்தான்
இப்போது சேறு பிரிக்கிறார்கள்.
தரையின் வடிகால் அப்படியே இருக்கிறது.
வெளியே ஃபாரோத் தீவின் மழை,
பக்கவாட்டில் பெய்யும் மழை.

பத்தொன்பது வருடம் கத்தி பிடித்த ரன்வா
இன்று பிடித்திருப்பது
தீக்குச்சி நுனியில் பசையிட்டு ஒட்டிய
தன் இமை மயிர் ஒன்றை.
இடுக்கி பட்டால் நசுங்கும் உடல்களை
அதனால் ஒதுக்குகிறாள்,
பேருந்தில் 'சற்று நகருங்கள்' என்பதுபோல.

அரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்கியதெல்லாம்
கண்ணாடித் தட்டில்.
உயிராயிருந்தது சாயம் குடித்துச் சிவந்திருக்கும்.
மணல் மணலாகவே இருக்கும்.
குப்பிகள் நான்கு:
புழு, சிப்பி, ஓட்டுடலி,
மற்றவை.
சீட்டு பென்சிலில்தான்.
மை என்றால் சாராயம் குடித்துவிடும்,
ஆழமும் தேதியும் சேர்த்து.
"சீட்டில்லாத குப்பி வெறும் சூப்பு"
என்பாள் அடுத்த மேசை யோன்ஹில்ட்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
பாதி எள்ளளவில் ஒன்று,
வாலைத் தலைக்குள் மடித்துக்கொண்டு.
ஓட்டுடலிதான்.
ஆனால் ரன்வாவின் கை நின்றது.
கால்களை எண்ணினாள். ஆறு ஜோடி.
மறுபடி எண்ணினாள்.
இந்தச் சாதிக்கு ஏழு.
மடிந்து கிடந்த விதத்தைப் பார்த்து
'பூட்டு' என்று பெயரிட்டாள்,
தனிக் குப்பியில் போட்டாள்.

கோடையில் கோபன்ஹேகனிலிருந்து வந்த வில்லாட்ஸ்
மூன்று நாள் பேசவில்லை.
வாயுறுப்பைப் பிரித்தார், வரைந்தார்,
மயிர்க்கால் ஒவ்வொன்றையும் வரைந்தார்.
நான்காம் நாள் காபியோடு வந்து
"உங்கள் பெயரை வைக்கட்டுமா?" என்றார்.
"அது என்ன சாப்பிடும்?"
"தெரியாது."
"எத்தனை நாள் வாழும்?"
"தெரியாது."
"பிறகு என்னதான் தெரியும்?"
"ஏழாம் கால் இல்லை என்று தெரியும்."

அவள் வைத்தது காரணப்பெயர்.
அவர் வைத்தது இடுகுறி.
லத்தீனில் பெண்ணின் பெயர் ஈற்றில்
ஒரு ஏகாரம் சேருமாம்:
ரன்வாயே.
தமிழ்க் காதுக்கு அது விளி.
பனிக்கடல் சேற்றில் நின்று
யாரோ யாரையோ கூப்பிடுவது.
பெயர் உயர்திணை,
உடல் அஃறிணை,
இரண்டும் ஒரே கண்ணாடிச் சில்லில்
பிசினுக்குள்.

பதினோரு வருடம் அந்தப் பெயர் இருந்தது.

பிறகு ட்ரோண்ட்ஹைம் பெண் ஒருத்தி
இன்னும் ஆழத்தில் வலை போட்டாள்.
வந்தது ஒரு தாய்.
வயிற்றுப் பையில் முப்பது பூட்டு,
ஒவ்வொன்றுக்கும் ஆறு ஜோடி.
தாய்க்கு ஏழு.
தாய்க்கு ஏற்கெனவே பெயர் உண்டு,
நூற்றுச் சொச்சம் வருடப் பழசு.
முந்திய பெயரே பெயர் என்பது சட்டம்.
இல்லாத கால் அன்று
இன்னும் முளைக்காத கால்.

வில்லாட்ஸின் கடிதத்தில் மூன்று வரி.
மூன்றிலும் மன்னிப்பு.
ரன்வா சத்தமாக வாசித்துக் காட்டினாள்,
இரண்டாம் வரியில் சிரிப்பு வந்து
மூன்றாவதை யோன்ஹில்ட் முடிக்க வேண்டியிருந்தது.
"இத்தனை வருடமாக
ஒரு கைக்குழந்தைக்கா என் பெயர்!"

அட்டவணையில் இப்போது அது
ஒரு சமக்குறிக்குப் பின்னால், சாய்வெழுத்தில்.
அழிக்க மாட்டார்கள்.
அந்தப் பேரினத்தில் இனி எதற்கும்
அந்தப் பெயரை வைக்கவும் மாட்டார்கள்.
யாரும் உட்காராத நாற்காலி,
எடுத்துப் போகவும் கூடாது.

மதியத்துக்குள் இன்னும் நான்கு தட்டு இருந்தது.
பழைய குச்சியின் மயிர் வளைந்துவிட்டிருந்தது.
சிரித்த கண்ணைத் துடைத்தபோது
விரலோடு ஒன்று வந்தது.
ஊதிவிடாமல்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்,
நீளம் போதுமா என்று.

"யோன்ஹில்ட், பசை உன்னிடமா?"